படிவத்தின் கடைசிக் கட்டம்

போன டிசம்பர் கடைசி வாரம். இரவு ஒன்பது மணி இருக்கும். எங்கள் படிப்பகத்தில் உள்ள ஒரே லேப்டாப்பின் முன்னால் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அமெரிக்கக் கல்லூரிகள் ஆயிரத்துக்கும் மேல் ஏற்றுக்கொள்ளும் 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பம் அது. முழுச் செலவையும் கல்லூரியே ஏற்றால்தான் போக முடியும் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெயர், பள்ளி, மதிப்பெண், கட்டுரை எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு காலிக் கட்டம் வந்தது. கூடுதல் தகவல். வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் 300 சொல்லுக்குள் எழுதலாம், கட்டாயமில்லை.

அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, இதுல நம்ம சாதிய எழுதலாமா, வேணாமா?"

எங்களிடம் ஒரே பதில் இல்லை. அங்கிருந்த நான்கு பேரில் இருவர் எழுதச் சொன்னோம். ஒருவர் கூடவே கூடாது என்றார். படிக்கப்போவது யாரென்று தெரியாது, நம்ம ஊர் ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவர் அந்த மேசையிலும் உட்கார்ந்திருக்கலாம் என்பது அவர் வாதம். இன்னொருவர், வெள்ளைக்காரர் படித்தாலும் சிக்கல்தான், சாதி என்றால் என்னவென்றே தெரியாதவருக்கு 300 சொல்லில் எதை விளக்குவது என்றார். பேசிப் பேசி மணி பதினொன்று ஆகிவிட்டது. முடிவு எதுவும் எடுக்காமல் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

கேள்வி மட்டும் எங்களை விடவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வதை விட்டுவிட்டு, ஒரு கல்லூரி எதற்காக 'உன்னைப் பற்றிச் சொல்' என்று கேட்கிறது? எப்போதிலிருந்து கேட்கிறது? தேடிப் படித்தபோது தெரிந்தது, அந்தக் காலிக் கட்டத்துக்கு நூறு வருடத்து வரலாறு இருக்கிறது. அது நல்ல வரலாறு அல்ல.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டிலோ கொலம்பியாவிலோ சேர ஒரு மாணவன் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் பெரும்பாலும் இடம் உண்டு. பணக்கார வெள்ளைக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பையன்களுக்கு அது வசதியாக இருந்தது. அந்தத் தேர்வுக்கென்றே பயிற்சி கொடுக்கும் பள்ளிகளும் அவர்களிடம் இருந்தன. தேர்வே தகுதி, தகுதியே நியாயம் என்று நிம்மதியாக இருந்தார்கள். நடுவில் ஒன்று நடந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர்களின் பிள்ளைகள், தையல் கடைத் தொழிலாளிகளின் பிள்ளைகள், அரசுப் பள்ளிகளில் படித்து அதே தேர்வில் தேறி உள்ளே வரத் தொடங்கினார்கள். 1900-ல் ஹார்வர்டின் புதிய மாணவர்களில் சுமார் 7 சதவீதம் யூதர்கள். 1922-ல் அது 21 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நியூயார்க் நகரத்துக்குள்ளேயே இருந்த கொலம்பியாவில் இன்னும் அதிகம்.

ஹார்வர்டின் தலைவராக இருந்த ஏ. லாரன்ஸ் லோவெல் கவலைப்பட்டார். 1922-ல் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் கோடைகால விடுதி ஒன்றை உதாரணம் காட்டுகிறார். யூதர்களைச் சேர்க்கும் விடுதி நாசமாவது, அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்லவாம். அவர்கள் வந்தால் மற்றவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்களாம். இதைப் படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைக்காரரிடம் போய் ஏன் என்று கேட்டிருக்கிறீர்களா? "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, மத்தவங்க வரமாட்டாங்க" என்பார். அதே வாக்கியம்தான். சொன்னவர் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் தலைவர், அவ்வளவுதான் வித்தியாசம். இதே லோவெல்தான் முதலாண்டு மாணவர் விடுதிகளில் கறுப்பின மாணவர்கள் தங்கக்கூடாது என்று தடுத்தவர். ஹார்வர்டிலேயே படித்துப் பட்டம் பெற்ற ராஸ்கோ காங்க்ளிங் புரூஸ் என்ற கறுப்பினத்தவர், தன் மகனுக்கு விடுதியில் இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து எழுதினார். அது பெரிய விவாதமாகி, 1923-ல் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழு அந்தத் தடையை நீக்க வேண்டியதாயிற்று.

லோவெல் முதலில் நேரடியாகவே கேட்டார்: யூதர்களுக்கு 15 சதவீதம்தான் என்று உச்சவரம்பு வைப்போம். எதிர்ப்பு கிளம்பியது. குழு போட்டார்கள். இனத்தை வைத்து வரம்பு போடக்கூடாது என்று 1923-ல் குழு சொல்லிவிட்டது. வெளிப்படையான கதவு அடைபட்டது. அப்போது கைகொடுத்ததுதான் விண்ணப்பப் படிவம்.

1922 இலையுதிர் காலத்திலேயே ஹார்வர்டின் படிவத்தில் புதிய கேள்விகள் வந்துவிட்டன. இனம், மதம், தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர், தந்தை பிறந்த இடம். அதோடு இன்னொரு கேள்வி: நீ பிறந்த பிறகு உன் பெயரிலோ உன் அப்பா பெயரிலோ ஏதாவது மாற்றம் செய்யப்பட்டதா, செய்யப்பட்டிருந்தால் முழுமையாக விளக்கு. யூத அடையாளம் தெரியாமல் இருக்கப் பெயரை மாற்றிக்கொண்ட குடும்பங்களைப் பிடிக்கும் வலை அது. கொலம்பியா இதற்கு முன்பே, 1919-லேயே, மதத்தையும் அப்பா பிறந்த ஊரையும் கேட்கும் நீண்ட படிவத்தைக் கொண்டுவந்திருந்தது. 1926-ல் ஹார்வர்ட் புகைப்படத்தையும் சேர்த்துக்கொண்டது. மதிப்பெண் மட்டும் போதாது, மாணவனின் 'குணநலன்' பார்க்க வேண்டும் என்று விதி எழுதிக்கொண்டார்கள். தலைமையாசிரியரின் கடிதம், நேர்காணல், விளையாட்டு, தலைமைப் பண்பு, 'உன்னைப் பற்றிச் சொல்' எல்லாம் இந்த வழியாகத்தான் சேர்க்கைக்குள் வலுவாக நுழைந்தன. லோவெல் வாய்விட்டுக் கேட்டுக் கிடைக்காதது, படிவத்தின் வழியாகச் சத்தமில்லாமல் கிடைத்தது.

'தகுதி, திறமை' என்று நம் காதில் ஓதுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லமாட்டார்கள். தேர்வில் தங்கள் பிள்ளைகள் ஜெயித்தவரை அது தகுதி. வேறு வீட்டுப் பிள்ளைகள் ஜெயிக்கத் தொடங்கியதும் தேர்வு போதாது, குணம் பார்க்கணும். அங்கே தேர்வைச் சுருக்கி அடைத்தார்கள், இங்கே தேர்வைப் பெருக்கி அடைக்கிறார்கள். 'குணம்' பார்க்கும் வேலை நம்மிடமும் இல்லாமல் இல்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுச் சேர்க்கையை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இடையே ஒடுக்கப்பட்ட மாணவர்களின் மதிப்பெண் எப்படிச் சரிகிறது என்பதை 2016-ல் காட்டியது. முகத்தைப் பார்த்தவுடன் மார்க் குறைகிறது.

கொலம்பியா என்றதும் நமக்கு யார் நினைவுக்கு வருவார் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணல் அம்பேத்கர் பரோடா அரசின் உதவித்தொகையில் 1913 ஜூலையில் நியூயார்க் போய் இறங்கினார். 1915-ல் முதுகலை முடித்தார். 1916 மே மாதம் மானுடவியல் வகுப்பு ஒன்றில் இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தார். மனிதனை மனிதனாக நடத்திய முதல் இடங்களில் ஒன்று அவருக்கு அந்த வளாகம். அவர் சேர்ந்தது முதுகலைக்கு, 1919-ல் வந்த படிவம் இளங்கலைக்கு. அவர் புறப்பட்ட மூன்றே வருடத்தில் அதே வளாகம் இன்னொரு மக்களை வடிகட்ட உட்கார்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

(இடையில் ஒன்று. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டம். 2022-ல் வந்த அதன் விதிமுறைப்படி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அந்தப் பணம் கிடையாது. 1916-ல் அண்ணல் வாசித்த கட்டுரையை ஆய்வுத் தலைப்பாக எழுதி இன்று ஒரு தங்கை விண்ணப்பித்தால், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.)

பெயரை மாற்றியிருக்கிறாயா என்று ஹார்வர்ட் கேட்ட கேள்விக்கு வருவோம். 1917-ல், உதவித்தொகை ஒப்பந்தப்படி வேலை பார்க்க அண்ணல் பரோடாவுக்குப் போனார். தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்று இருந்தது, பார்சி அல்லாதவர் அங்கே தங்க முடியாது. விடுதிப் பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது என்று காவலாளியோடு ஏற்பாடு. பதினோராவது நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் அறை வாசலில் வந்து நின்றது. நீ யார் என்று கேட்டார்கள். அன்றே வெளியேற வேண்டியதாயிற்று. கொலம்பியாவில் படித்து வந்தவர், ஒரு பதிவேட்டில் வேறு பெயர் எழுத வேண்டிவந்தது, அதற்காகவே விரட்டப்பட்டார். இதை அவரே பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் அன்று இரவு லேப்டாப்பைச் சுற்றி நின்று சண்டை போட்ட கேள்வியும் இதுதான். எழுதினால் என்ன ஆகும், மறைத்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர்கள் ஒரே பதிலைச் சொல்லவில்லை என்பதும் தெரிய வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அந்தச் சொல்லைத் தலைப்பில் அச்சடித்து விற்றார். அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். நம்மைச் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்றார், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படியே பதிய வேண்டும் என்று வாதாடினார். எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்: அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும். அரசு ஏற்று ஆணையும் போட்டது. அது எந்த வருடம் தெரியுமா? 1922. ஹார்வர்ட் தன் படிவத்தில் 'உன் பெயர் ஏன் மாறியது, விளக்கு' என்று கேட்ட அதே வருடம், சென்னையில் நம் ஆள் ஒருவர் அரசாங்கத்தின் படிவத்தையே மாற்ற வைத்தார்.

ஆக, கட்டத்தில் என்ன எழுதுவது என்ற வேலை நமக்குப் புதிது அல்ல. நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்துவருகிறோம். ஒருவர் வெளிப்படையாக எழுதினார், ஒருவர் வேறு பெயர் எழுதினார், ஒருவர் கட்டத்தையே மாற்றினார். யாரும் கோழை இல்லை.

இனி அமெரிக்கக் கதையின் பின்பாதி. யூதர்களைத் தடுக்க வந்த அந்த 'முழு மனிதனையும் பார்க்கும்' முறை, ஐம்பது வருடம் கழித்துக் கறுப்பின மாணவர்களை உள்ளே கொண்டுவரும் வழியாக மாறியது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐ ஒடுக்கப்பட்ட சிறுபான்மை மாணவர்களுக்கு ஒதுக்கியிருந்தது. நம் மொழியில் சொன்னால் இடஒதுக்கீடு. ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குப் போட்டார். 1978-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. ஆனால் நீதிபதி பாவெல் ஒரு சந்து விட்டார்: எண்ணிக்கை வைத்து ஒதுக்கக்கூடாது, ஆனால் பல காரணங்களில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம். அதற்கு முன்மாதிரியாக அவர் எடுத்துக்காட்டியது எதை? ஹார்வர்டின் சேர்க்கை முறையை. லோவெல் காலத்தில் வேர்விட்ட அதே மரம்.

நம் அரசியலுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இங்கே இடஒதுக்கீடு என்பது உரிமை, எண்ணிக்கை, சட்டம். அங்கே 1978-க்குப் பிறகு அது சேர்க்கை அதிகாரியின் மனசு. எண்ணிக்கையை விட்டுக் கருணைக்கு மாறினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூன் 29 காட்டியது. அன்று ஹார்வர்டுக்கும் வட கரோலினாவுக்கும் எதிரான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கையையே முடித்து வைத்தது. அடுத்த ஆண்டுச் சேர்க்கையில் எம்ஐடியில் கறுப்பின மாணவர்கள் 13 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் 11-லிருந்து 3 ஆகவும் இறங்கினார்கள்.

தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அந்தத் தீர்ப்பில் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்தார். இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் தானே எழுதினால் கல்லூரி அதைப் படிக்கலாம், அவருடைய உறுதியையோ திறனையோ காட்டும் தனிமனித அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கட்டுரையைச் சாக்காக வைத்துப் பழைய முறையைத் தொடரக்கூடாது என்றும் கூடவே எச்சரித்தார். ஆக, ஒரு சமூகத்தின் நானூறு வருட வரலாறு டிக் அடிக்கும் கட்டத்திலிருந்து வெளியேறி, ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எழுதும் சில நூறு சொற்களுக்குள் போய் உட்கார்ந்தது. கல்லூரிகள் அவசரமாகக் கேள்விகளை மாற்றின. சாரா லாரன்ஸ் கல்லூரி அந்தத் தீர்ப்பின் வரியையே கேள்வியாகப் போட்டது. 2025 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை, தடைகளைத் தாண்டியதைச் சொல்லச் சொல்லும் கேள்விகள்கூட இனத்துக்கு மாற்றாகப் பயன்படலாம் என்று எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது. அந்த வாசலிலும் காவலுக்கு ஆள் வந்துவிட்டது.

நாம் இதில் எங்கே இருக்கிறோம்? டிக் அடிக்கும் கட்டத்தில் நாம் 'ஆசியர்'. அக்ரஹாரத்திலிருந்து போனவரும் ஆசியர், சேரியிலிருந்து போனவரும் ஆசியர். சாதிக்கென்று எந்தக் கட்டமும் இல்லை. ஹார்வர்ட் வழக்கின் சாட்சியங்களில், ஆசிய விண்ணப்பதாரர்களுக்கு 'ஆளுமை மதிப்பீட்டில்' தொடர்ந்து குறைவான மதிப்பெண் விழுந்தது வெளியே வந்தது. 1926-ன் 'குணநலன்' இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்த மதிப்பீட்டில் அடிவாங்கும்போது மட்டும் எல்லோரும் ஒரே ஆசியர்கள். உள்ளே போனபிறகு யார் யாரை என்ன சாதி என்று துருவுகிறார்கள் என்பது தனிக் கதை. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லும், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-லும் சாதியைப் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சேர்த்தது, அங்கே படித்த நம் பிள்ளைகள் வாய்திறந்ததால்தான். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சட்டமே போட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர், இருக்கும் சட்டமே போதும் என்று சொல்லிச் சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அதனால் 'படிப்பவர் யாராக இருக்கும்' என்று அன்று இரவு தோழர் கேட்டது வீண் பயம் அல்ல.

வரலாறு இருக்கட்டும், கட்டத்தில் என்னதான் எழுதுவது என்று கேட்பீர்கள். இரண்டு நாள் கழித்துத் தங்கை தன் முதல் வரைவோடு வந்தாள். 300 சொல்லும் நிறைந்திருந்தது. ஏழ்மை, கண்ணீர், அம்மாவின் வியர்வை, அவமானம், கனவு. யூடியூபில் யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: வலியை விற்றால் இடம் கிடைக்கும். படித்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனால் அதில் அவளைக் காணோம். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். கட்டத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கருணை காட்ட வைக்கும் மனு அது.

பிறகு அவளிடம் கேட்டோம். உன் மார்க் பட்டியலைப் பார்க்கிற ஆளுக்கு எது புரியாது? அவள் யோசித்துச் சொன்னாள், பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் இயற்பியல் மார்க் விழுந்தது ஏன் என்று புரியாது. ஏன் விழுந்தது? இயற்பியல் ஆசிரியர் பணியிடம் அந்த வருடம் முழுக்கக் காலி. வருகைப் பதிவும் குறைந்தது. அது ஏன்? ஊருக்குள் தகராறு வந்து, காலனிக்கு வரும் பஸ்ஸை ஊரிலேயே திருப்பி அனுப்பினார்கள். எத்தனை நாள்? "மூணு வாரம் இருக்கும் அக்கா." அந்த நாட்களில் என்ன செய்தாய்? காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு வீட்டுத் திண்ணையில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பஸ் மனுவை எழுதியது யார்? அவள்தான்.

இதெல்லாம் முதல் வரைவில் ஒரு வரிகூட இல்லை. இதுதான் அந்தக் கட்டத்துக்கான சரக்கு. நாங்கள் விசாரித்துப் புரிந்துகொண்டவரை, 'கூடுதல் தகவல்' என்பது இரண்டாவது கட்டுரை அல்ல. படிவத்தின் வேறு எந்தக் கேள்வியிலும் அடங்காத, ஆனால் மதிப்பெண் பட்டியலைச் சரியாகப் படிக்கத் தேவையான உண்மைகளுக்கான இடம். ஆசிரியர் இல்லாத பாடம், இடையில் நின்ற மாதங்கள், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, படிப்போடு செய்த கூலி வேலை வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பள்ளியிலேயே இல்லாத பாடப்பிரிவு. சவால்களையும் சூழ்நிலைகளையும் எழுத 250 சொல்லில் தனிக் கட்டம் ஒன்றும் இப்போது இருக்கிறது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திரும்ப எழுதினால் படிப்பவர் எரிச்சலடைவார். முன்பு கூடுதல் தகவலுக்கு 650 சொல் இருந்தது, இப்போது பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார்கள். பெருக்கி எழுத இடமில்லை. நாள், எண்ணிக்கை, என்ன நடந்தது, நீ என்ன செய்தாய், இவ்வளவு போதும். சொல்ல எதுவும் இல்லாவிட்டால் காலியாக விடுவதில் தப்பே இல்லை, அது மார்க் குறைக்கிற இடம் அல்ல. பள்ளி ஆலோசகர் என்று ஒருவர் எழுதும் கடிதத்துக்கும் அந்தப் படிவத்தில் இடம் உண்டு. ஆசிரியர் பணியிடம் காலி என்பதைத் தலைமையாசிரியரே அதில் எழுதினால் இன்னும் பலம். நம் அரசுப் பள்ளிகளில் அப்படி ஒரு கடிதம் உண்டு என்றே பலருக்குத் தெரியாது. நாங்கள் போய்ப் பேசித்தான் வாங்கினோம்.

சாதியை எழுதலாமா என்ற கேள்விக்கு, கடைசியில் அந்தப் பஸ்தான் பதில் சொன்னது. பஸ் ஏன் திருப்பி அனுப்பப்பட்டது என்பதைச் சாதி இல்லாமல் சொல்லவே முடியாது. 'போக்குவரத்துச் சிக்கல்' என்று எழுதினால் அது பொய். அதனால் அந்தச் சொல் அங்கே தேவைப்பட்டது, வந்தது. ஒரே ஒருமுறை. இந்தியாவில் தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட சாதிகளில் ஒன்றைச் சேர்ந்த குடியிருப்பு எங்களுடையது, ஊரிலிருந்து தனியாக இருக்கிறது, பஸ் ஊரைத் தாண்டித்தான் வரவேண்டும். விளக்கம் அவ்வளவுதான். எதிர்த்து வாதாடிய தோழரும் இதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இதே கட்டத்தில் சாதியை எழுத வேண்டாம் என்று இன்னொரு தம்பிக்குச் சொல்லியிருக்கிறோம். அவனுடைய மதிப்பெண்ணிலோ செயல்பாட்டிலோ அது விளக்க வேண்டியது எதுவும் இல்லை, எழுதவும் அவனுக்கு மனமில்லை. எழுத வேண்டியது பிள்ளையின் முடிவு. பக்கத்தில் நின்று வீரம் பேசும் நாங்கள் அந்தக் கல்லூரி விடுதியில் போய்த் தங்கப்போவதில்லை.

பெயர்க் கட்டத்திலும் ஒரு சிக்கல் வந்தது. குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டிய பெருமை நமக்கு உண்டு (சாதிச் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது என்பது வேறு விஷயம்). இன்ஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டோம். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் அவர் பெயர், அமெரிக்கக் கல்லூரியின் கணினியில் ஒரு குடும்பத்தின் பெயராக ஏறியது. அதை அவரிடம் போனில் சொன்னபோது சிரித்தார்.

டிசம்பர் 31 மாலை எல்லாம் தயார். 214 சொல். அவள் அம்மாவும் நூறு நாள் வேலை முடிந்து நேராகப் படிப்பகத்துக்கு வந்துவிட்டார். "என்ன புள்ள எழுதியிருக்க, படி" என்றார். அவள் திரையைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆசிரியர் இல்லாதது, மார்க், பஸ், திண்ணை, மனு. அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பஸ் நின்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"மூணு வாரம்னு யாரு சொன்னா? இருபத்தாறு நாளு. நான் சுவத்துல கரிக்கோடு போட்டு வச்சிருந்தேன்ல."

அவள் 'மூன்று வாரம்' என்பதை அழித்துவிட்டு 26 நாள் என்று திருத்தினாள். பிறகு அனுப்பினாள்.